கண்டக்டரின் காலைச் சாப்பாடு

பெரியவளுக்கு அந்த ஆமையைப் பிடிக்கவில்லை என்று சொன்னால் அது பாதி உண்மைதான். ஆமை பாவம், அது பாட்டுக்கு மணலுக்குள் கிடந்தது. அவளுக்குப் பிடிக்காதது, ஆமையைப் பார்த்து மாமனார் சிரித்த சிரிப்பு.

அந்த வீட்டுக்கு இரண்டு மருமகள்கள். மூத்தவனைக் கட்டியவள் பெரியவள், இளையவனைக் கட்டியவள் சின்னவள். பெரியவளுக்கு ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை. காலை எட்டு மணிக்கு வெறும் வயிற்றோடு வந்து வரிசையாக உட்கார்ந்திருப்பவர்களின் முழங்கையைத் தட்டி நரம்பு தேடுவாள், ஊசி ஏற்றுவாள், குழாயில் பெயர் ஒட்டுவாள், அளவைப் பதிவாள், மத்தியானச் சாப்பாட்டு நேரத்துக்கு வீடு திரும்பிவிடுவாள். பதினாலு வருடத்தில் ஒரு குழாய் மாறியதில்லை, ஒரு எண் பிசகியதில்லை. அந்தப் பெருமை அவள் நடையிலேயே தெரியும். வீட்டிலும் சர்க்கரை டப்பாவுக்கு லேபிள், உப்பு டப்பாவுக்கு லேபிள். உப்பை உப்பென்று தெரியாதவர் அந்த வீட்டில் யாரும் இல்லை, ஆனாலும் லேபிள். கணவனுக்கு மட்டும்தான் இன்னும் ஒட்டவில்லை. அவன் விடியுமுன் கிடங்கு வேலைக்குக் கிளம்பி இருட்டின பிறகு வருகிறவன், ஒட்ட நேரம் அமையவில்லை.

மாமனார் முப்பது வருடம் பஸ் ஓட்டியவர். நாலு வருடத்துக்கு முன்னால் மனைவி போனாள். அதே வருடம் குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பும் போனது. அதிலிருந்து ஹாலில் ஜன்னலோர நாற்காலிதான் அவருக்கு உலகம். அதிலிருந்து எழுப்பி நிறுத்தவே ஒரு ஆள் வேண்டும். வாயும் அடைத்துப்போனது. கேட்டதற்குத் தலையாட்டுவார், அவ்வளவுதான். மூன்று மாதம் பார்த்துவிட்டு, பெரியவள் ஒருநாள் நாலடி நீளத்தில் ஒரு கண்ணாடி மீன்தொட்டியை வாங்கி வந்து அவர் எதிரில் வைத்தாள். இரண்டு ஏஞ்சல், ஒரு கூட்டம் பொடிமீன், அடியில் கண்ணாடியைச் சுரண்டிக்கொண்டே கிடக்கும் ஒரு சக்கர், பிறகு ஆரஞ்சு நிறத்தில் ஒரு கௌராமி மீன். பதினோராவது நாள் மாமனார் வாயைத் திறந்தார். "ஆரஞ்சுக்காரன் இன்னிக்கு சரியா சாப்பிடலம்மா" என்றார்.

அன்றைக்குப் பெரியவள் சமையலறைக்குப் போய் அழுதாள். அப்பா இல்லாமல் வளர்ந்தவள். 'அம்மா' என்று அவர் கூப்பிட்டது அவளுக்குப் பட்டம் கட்டியது மாதிரி இருந்தது. அதன் பிறகு வாரத்துக்கு ஒருமுறை தொட்டித் தண்ணீரைச் சோதித்து எழுதி வைப்பதும், கற்களைக் கழுவுவதும், வேளை தவறாமல் மாத்திரையும் சாப்பாடும் அவர் கையில் கொடுப்பதும் அவளுக்கு வேலையாகவே தெரியவில்லை. வீட்டில் யார் எதைக் கேட்டாலும் "அம்மாவக் கேளு" என்பார் அவர். கூடத்தில் தன்னுடன் வேலை பார்ப்பவர்களிடம் அவள் அதைச் சொல்லிச் சொல்லி, அவர்களுக்குக் காது புளித்துவிட்டது.

இந்த நிலைமையில்தான் சின்னவள் வந்து சேர்ந்தாள், ஒரு பெட்டியோடும் ஒரு பிளாஸ்டிக் தொட்டியோடும்.

சின்னவளுக்குப் பார்சல் ஆபீஸில் வேலை. பார்சலைக் கையில் தூக்கியதும், தராசில் வைக்குமுன்பே எடையைச் சொல்லிவிடுவாள். வாய் ஓயாது. சிரித்தால் தெருமுனை வரை கேட்கும். பிளாஸ்டிக் தொட்டிக்குள் அவள் கொண்டுவந்தது ஓர் ஆமை. சாஃப்ட்ஷெல் ஆமை என்றாள். உள்ளங்கை அகலம். முதுகில் ஓடு என்று பெயர்தான். தொட்டால் நனைந்த தோல்செருப்பு மாதிரி மெத்தென்றிருக்கும். மூக்கு குழாய் மாதிரி நீண்டிருக்கும். கழுத்தை இழுத்துக்கொண்டால் இல்லவே இல்லை, நீட்டினால் எங்கிருந்துதான் வருகிறதோ என்று தோன்றும்.

வந்த மூன்றாம் வாரம் பிளாஸ்டிக் தொட்டியில் கீறல் விழுந்து ஒழுகியது. "நம்ம தொட்டிலயே விட்டா என்னம்மா? பாவம், வாயில்லா ஜீவன்" என்றார் மாமனார். அவர் ஒன்றைக் கேட்பதே அபூர்வம். பெரியவளுக்கு மறுக்க வாய் வரவில்லை. "மீனைக் கடிக்காதா?" என்று மட்டும் கேட்டாள்.

"வயிறு நிறைஞ்சிருந்தா கடிக்காதுக்கா. ரெண்டு வேளையும் தீனி போட்டுட்டா போதும், பக்கத்துல மீன் போனாக்கூடத் திரும்பிப் பாக்காது" என்றாள் சின்னவள். "ஆனா ஒண்ணு, இந்தக் கல்லையெல்லாம் எடுத்துட்டு மணல் போடணும். கல்லு பட்டா இதோட வயித்துத் தோல் கிழிஞ்சு புண்ணாயிடும்."

அதுதான் முதல் குத்து. பெரியவள் பொறுக்கி எடுத்துக் கழுவிப் பரப்பிய வண்ணக் கற்கள் ஒரு வாளிக்குள் போய்ப் பால்கனியில் உட்கார்ந்தன. மணல் வந்தது. ஆமை அந்த மணலைத் தோண்டின தோண்டில் அவள் நட்ட செடிகள் வேரோடு மேலே வந்து மிதந்தன. மாமனார் அதற்கும் சிரித்தார்.

சாயங்காலம் நாலு மணிக்குச் சின்னவள் வேலை முடிந்து வருவாள். செருப்பைக் கழற்றிய வேகத்தில் மாமனார் நாற்காலிக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்துவிடுவாள். ஆமை மணலுக்குள் புதைந்திருக்கும். எந்த மூலையில் இருக்கிறது என்று முதலில் கண்டுபிடிப்பவர் ஜெயித்தவர். இதுதான் விளையாட்டு. மணலில் இரண்டு கண்ணும் ஒரு மூக்கும் தெரிந்த உடனே இரண்டு பேரும் ஒரே குரலில் கத்துவார்கள். பெரியவள் சமையலறையில் பாத்திரத்தைக் கொஞ்சம் சத்தமாகவே வைப்பாள். யாருக்கும் கேட்காது.

ஆமை மூச்சு வாங்குவதற்காகக் கழுத்தை மேலே நீட்டுவதைப் பார்த்து மாமனார் அதற்கு 'கண்டக்டர்' என்று பெயர் வைத்தார். பஸ் படிக்கட்டில் நின்று கழுத்தை நீட்டி நீட்டி எட்டிப் பார்க்கிற ஆளாம். சின்னவளுக்கும் ஒரு பெயர் வைத்துவிட்டார், 'பாப்பா' என்று. நாலு மணி ஆவதற்கு முன்பே, "பாப்பா எப்ப வருவாம்மா?" என்று கேட்க ஆரம்பித்துவிடுவார்.

பெரியவளுக்கு வயிறெரிந்தது. பட்டம் என்று நினைத்திருந்த 'அம்மா' திடீரென்று வேலைக்காரப் பெயராகத் தெரிந்தது. அம்மா என்றால் ஆக்கிப்போடுகிறவள். பாப்பா என்றால் கூட உட்கார்ந்து விளையாடுகிறவள். யாருக்கு எது லாபம் என்று அவளுக்குக் கணக்குத் தெரியாதா?

தினமும் காலையில் எழுந்ததும் மீன்களை எண்ணினாள். ஒன்று குறைந்தால் போதும், அதைச் சாக்காக வைத்து ஆமையை வெளியே தள்ளிவிடலாம். இரண்டு ஏஞ்சல், பதிமூன்று பொடிமீன், ஒரு சக்கர், ஆரஞ்சுக்காரன். மூன்று மாதமாக எண்ணினாள். ஒன்றுகூடக் குறையவில்லை. மீன் வளர்க்கிறவள் ஒருத்தி மீன் சாகவில்லையே என்று வருத்தப்பட்டது அந்த வீட்டில்தான் நடந்திருக்கும்.

தீனி விஷயத்தில் அவள் ஓர் ஒழுங்கு வைத்திருந்தாள். சின்னவள் ஆறு மணிக்கே கிளம்பிவிடுவதால் ஆமைக்குக் காலைத் தீனி பெரியவள் பொறுப்பு, மாலைத் தீனி சின்னவள் பொறுப்பு. யார் போட்டார்கள், போடவில்லை என்று குழப்பம் வரக்கூடாது என்பதற்காகத் தொட்டிக்குப் பக்கத்துச் சுவரில் கட்டம் போட்ட ஒரு தாள் ஒட்டியிருந்தாள். போட்டால் ஒரு டிக். "அக்கா டிக் போட்டா அது கோர்ட்டுலகூடச் செல்லும்" என்று சின்னவள் கிண்டல் செய்வாள். கிண்டல்தான், ஆனால் அதில் நம்பிக்கையும் இருந்தது.

அப்புறம் சின்னவளுக்குப் பன்னிரண்டு நாள் பயிற்சி வந்தது. வேறு ஊரில் தங்கிப் புதுக் கம்ப்யூட்டர் முறையைக் கற்றுக்கொள்ள வேண்டும். "ரெண்டு வேளையும் நீங்கதான் பாத்துக்கணும்க்கா. உங்கள நம்பித்தான் போறேன்" என்று பெரியவள் கையைப் பிடித்துக்கொண்டு சொல்லிவிட்டுப் போனாள்.

பெரியவளுக்கு வாயெல்லாம் பல். பன்னிரண்டு நாள் வீடு பழையபடி அவள் வீடு. முதல் நாள் சாயங்காலம் வேலையெல்லாம் ஒதுக்கிவிட்டு மாமனாருக்குப் பக்கத்தில் ஒரு நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தாள். என்ன பேசுவது என்று தெரியவில்லை. "மாத்திரை போட்டீங்களா மாமா?" என்றாள். "போட்டாச்சும்மா" என்றார். அதற்கு மேல் பேச்சு நகரவில்லை. ஏழு மணிக்கு அவள் போன் அடித்தது. சின்னவள், வீடியோவில்.

மாமனாருக்குக் கை நடுங்கும். அதனால் போனைப் பெரியவள்தான் பிடித்துக்கொள்ள வேண்டியிருந்தது. ஆமையைக் காட்டு என்றால் ஆமைப் பக்கம், மாமாவைக் காட்டு என்றால் மாமா பக்கம். அவர்கள் இரண்டு பேரும் அரைமணி நேரம் பேசினார்கள். நடுவில் கம்பம் மாதிரி இவள் நின்றாள். மறுநாளும் அதே கூத்து. கை கடுத்தது, அதைவிட மனசு கடுத்தது.

மூன்றாம் நாள்தான் அது நடந்தது. "மாமா, கண்டக்டர்னு சொல்றீங்களே, உங்க வண்டியில அப்படி நெஜமாவே ஒருத்தர் இருந்தாரா?" என்று சின்னவள் போனில் கேட்டாள்.

"இருந்தானா! கழுத்து இதே மாதிரிதான், ஒரு முழம்" என்று ஆரம்பித்தார் மாமனார். "ஆஸ்பத்திரி ஸ்டாப்புல உங்க அத்தை ஏறுவா. அப்ப அவ யாரு, நான் யாரு! தினமும் லேட்டு. நான் என்ன பண்ணுவேன், டயர்ல காத்து இருக்கான்னு பாக்கற மாதிரி கீழ எறங்கி நிப்பேன். அவன் படிக்கட்டுல நின்னு கழுத்த நீட்டி, 'அண்ணே, அந்த ஒரு டயருக்கு மட்டும் இந்த ஸ்டாப்புல தினமும் காத்து எறங்குதா?'ன்னு கத்துவான். வண்டியே சிரிக்கும்."

"ஐயோ மாமா! அத்தைக்குத் தெரியாதா?"

"அவளுக்கு மொத நாளே தெரிஞ்சுபோச்சு. தெரிஞ்சுதான் வேணும்னே மெதுவா நடந்து வருவா." சொல்லிவிட்டு மாமனார் கண்ணைத் துடைத்துக்கொண்டே சிரித்தார்.

போனைப் பிடித்திருந்த பெரியவளின் கை அசையவில்லை. நாலு வருடம். அத்தையின் படத்தைத் தினமும் துடைப்பவள் அவள். அத்தையின் பழைய மூக்குக் கண்ணாடியைக் கூட்டில் போட்டு எடுத்து வைத்திருப்பவள் அவள். அத்தை மெதுவாக நடந்து வந்த கதை மட்டும் நேற்று வந்தவளுக்கு. இவளுக்கு அது கிடைத்ததே, போன் பிடிக்கிற கூலியாகத்தான். அவளுக்கு அங்கேயே போனைத் தரையில் அடிக்க வேண்டும் போலிருந்தது.

மறுநாள் காலை ஏழரை மணிக்கு, வேலைக்குப் போகுமுன் தீனி போட வந்தாள். மீன் தீனி ஒரு டப்பா, ஆமைத் தீனி ஒரு டப்பா, இரண்டும் தொட்டிக்கு மேலே இருந்த பலகையில். மீனுக்குப் போட்டாள். ஆமை டப்பாவைத் தொட்டாள். பின்னாலிருந்து மாமனார், "கண்டக்டர் எழுந்துட்டானாம்மா?" என்றார்.

காலையில் எழுந்ததிலிருந்து அவளிடம் அவர் பேசிய முதல் பேச்சு அது. அவள் கை டப்பாவை விட்டது. பேனாவை எடுத்தாள். தாளில் டிக் போட்டாள். பதினாலு வருடத்தில் அவள் பதிந்த முதல் பொய்.

ஒரு வேளைதானே என்று சமாதானம் சொல்லிக்கொண்டாள். பன்னிரண்டு மணி நேரம் வெறும் வயிற்றோடு மனிதர்களே வந்து வரிசையில் உட்காருகிறார்கள், ஓர் ஆமைக்கு என்ன வந்தது? சாயங்காலம் சின்னவள் போன் செய்தாள், அதே சிரிப்பு. மாலைக் கட்டத்திலும் ஒரு டிக் விழுந்தது, டப்பா திறக்கவில்லை. மறுநாள் அவளுக்கு ஒரு நியாயமே கிடைத்துவிட்டது. வயிறு நிறைந்திருக்கும்போது எல்லோரும் நல்லவர்கள்தான். பசித்தால்தானே சுயரூபம் தெரியும்? அது மாமாவின் கண்ணெதிரே தெரியட்டும். அப்புறம் யார் அதைத் தலையில் தூக்கி வைத்துக் கொண்டாடுகிறார்கள் என்று பார்க்கலாம்.

மீன் தீனியைத் தூவும்போது ஆமை மணலிலிருந்து கிளம்பி மேலே வரும். அது வந்து சேர்வதற்குள் மீன்கள் முடித்துவிடும். கழுத்தை நீட்டி, குழாய் மூக்கைத் தண்ணீருக்கு மேலே வைத்துக்கொண்டு அது அவளையே பார்க்கும். அவள் பார்க்காதது மாதிரி டிக் போடுவாள்.

"கண்டக்டர் ரெண்டு நாளா ரொம்ப நேரம் கழுத்த நீட்டிட்டே நிக்கறாம்மா" என்றார் மாமனார்.

"வேடிக்கை பாக்குது மாமா."

அடுத்த நாள், "பசியா இருக்குமோ?" என்றார், கொஞ்சம் தயங்கி.

"டிக் போட்டிருக்கேன் பாருங்க மாமா" என்றாள் அவள். குரலில் கத்தி இருந்ததோ என்னவோ, அவளுக்குத் தெரியவில்லை.

"சரிம்மா, சரிம்மா" என்றார் அவர். அதன் பிறகு கேட்கவில்லை.

அதற்குப் பிறகு வந்த நாட்கள் பெரியவளுக்குப் பொற்காலம். மாமனார் ஆமையைப் பற்றிப் பேசுவதையே விட்டுவிட்டார். சாயங்காலம் சின்னவள் போனில் வந்து, "கண்டக்டர் நல்லா இருக்கானா மாமா?" என்று கேட்டால், போனைப் பிடித்திருக்கும் பெரியவளின் முகத்தை ஒருமுறை பார்த்துக்கொண்டு, "இருக்கான், இருக்கான்" என்று இரண்டே வார்த்தையில் முடித்துவிட்டார். அரைமணிப் பேச்சு ஐந்து நிமிடமாகச் சுருங்கியது. பெரியவள் வாய்க்கு வாய் 'அம்மா' ஆனாள். மாத்திரையைக் கேட்குமுன்பே விழுங்கிவிட்டு வாயைத் திறந்து காட்டினார். தட்டில் என்ன வைத்தாலும் ஒரு பருக்கை மிச்சமில்லை. "நல்லாருக்கும்மா, ரொம்ப நல்லாருக்கு" என்றார். இரண்டாம் முறை வேண்டுமா என்று கேட்டால், "உனக்கு இருக்காம்மா? இருந்தா கொஞ்சம்" என்றார். அவளுக்குக் கால் தரையில் பாவவில்லை. மூன்று மாதமாகப் பறிபோயிருந்தது முழுசாகத் திரும்பி வந்துவிட்டது என்று நினைத்தாள். பரிசோதனைக் கூடத்தில் மறுபடியும் எல்லோருடைய காதையும் புளிக்க வைத்தாள்.

பதினோராம் நாள் காலை. பெரியவள் அறைக்குள் தலை வாரிக்கொண்டிருந்தாள். ஹாலிலிருந்து "அம்மா!" என்று ஒரு கத்தல். சீப்போடு ஓடி வந்தாள். மாமனார் நாற்காலியின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டு எழுந்திருக்கப் பார்த்தார், இடுப்பு விடவில்லை. தொட்டிக்குள் ஆமையின் வாயில் ஆரஞ்சுக்காரன். வால் பக்கம் ஏற்கெனவே இல்லை. ஆமை முன்னங்காலால் மீனைத் தள்ளித் தள்ளிக் கிழித்துக்கொண்டிருந்தது. தண்ணீரில் செதில் செதிலாக ஆரஞ்சு மிதந்தது.

அவளுக்கு முதலில் வந்தது சந்தோஷம். பொய் சொல்லி என்ன ஆகப்போகிறது, சந்தோஷம்தான். அதற்குப் பின்னால்தான், இது அவருக்குப் பேச்சைத் திருப்பிக் கொடுத்த மீனாயிற்றே என்பது உறைத்தது. ஏதோ ஒரு பொடிமீனைத்தான் அவள் மனசில் வைத்திருந்தாள். ஆமையிடம் போய் அதைச் சொல்லி வைக்க முடியுமா?

"பாத்தீங்களா மாமா? நான் அன்னிக்கே கேட்டேன், கடிக்காதான்னு" என்றாள்.

மாமனார், மிதந்துகொண்டிருந்த செதில்களையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

தாளையும் கடிபட்ட மீனின் மிச்சத்தையும் போட்டோ எடுத்துச் சின்னவளுக்கு அனுப்பினாள். இருபத்திரண்டு கட்டத்தில் இருபத்தொரு டிக், அன்றைய மாலைக் கட்டம் மட்டும்தான் பாக்கி. மத்தியானம் சின்னவள் போனில் அழுதாள். "ரெண்டு வேளையும் ஒழுங்காப் போட்டும் இப்படிப் பண்ணியிருக்கே! மன்னிச்சிடுங்கக்கா. நான் வந்ததும் எங்கயாவது கொண்டுபோய் விட்டுடறேன்." பெரியவள், "சரி விடு, அழாதே, அதுக்கு என்ன தெரியும்" என்று பெரிய மனசு பண்ணினாள். அன்று சாயங்காலமே ஆமைத் தீனி டப்பாவைத் திறந்து ஒரு கை நிறையப் போட்டாள். ஜெயித்தவர்களுக்கு எப்போதும் கை தாராளம்.

சின்னவள் சனிக்கிழமை ராத்திரி வந்தாள். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், அண்ணன் தம்பி இரண்டு பேரும் வெளியே போயிருந்த நேரம், ஆமையை எடுத்துப் போக வாளியோடு தொட்டிக்கு முன்னால் நின்றாள். பார்சல் ஆபீஸில் ஒருத்தி வீட்டு மொட்டை மாடியில் பெரிய சிமெண்டுத் தொட்டி இருக்கிறதாம், வைத்துக்கொள்ளச் சம்மதித்துவிட்டாளாம். மணி பன்னிரண்டரை. மாமனாருக்கு மத்தியானச் சாப்பாடு அந்த நேரத்துக்குத்தான். பெரியவள் தட்டில் எல்லாம் வைத்து, எடுத்துக்கொண்டு ஹாலுக்கு வந்தாள்.

சின்னவள் முழங்கை வரை தண்ணீரில் விட்டு ஆமையைத் தூக்கினாள். தூக்கியவள் அப்படியே நின்றுவிட்டாள். வாளியில் விடவில்லை. கையை மேலும் கீழும் ஒருமுறை ஆட்டிப் பார்த்தாள்.

"அக்கா, இது எளைச்சிருக்கு."

"என்னது?"

"எடை குறைஞ்சிருக்குக்கா. முப்பது கிராமாவது இருக்கும். எனக்குத் தெரியாதா? தோலெல்லாம் தொங்குது பாருங்க, இந்தக் கால் மடிப்புல." அவள் முகம் கலவரமாகிவிட்டது. "ரெண்டு வேளையும் சாப்பிட்டும் எளைக்குதுன்னா உள்ள ஏதோ வியாதிக்கா. பாவம், அதனாலதான் மீனைக் கடிச்சிருக்கு. நான் பாட்டுக்குத் திட்டிட்டேன். மொதல்ல டாக்டர்கிட்ட காட்டணும். உங்க மீனுங்களுக்கும் ஒட்டியிருக்குமோ என்னமோ, எனக்குப் பயமா இருக்கு. தாளைக் கொடுங்கக்கா, எத்தனை வேளை சாப்பிட்டதுன்னு டாக்டர் கேப்பாரு."

பெரியவள் தட்டோடு நின்றாள். சண்டை போட்டிருந்தால் சமாளித்திருப்பாள். "நீ போட்டியா, நெஜமா?" என்று ஒரு வார்த்தை கேட்டிருந்தால், பதிலுக்குப் பத்து வார்த்தை கேட்டு மூக்கை உடைத்திருப்பாள். இந்தப் பைத்தியக்காரி, பொய்த் தாளை எடுத்துக்கொண்டு டாக்டரிடம் போகிறேன் என்கிறாள். இல்லாத வியாதிக்கு அந்த ஆள் ஊசி போடுவான். தப்பு அளவை நம்பி மருந்து கொடுத்தால் என்ன ஆகும் என்று அவளைவிட யாருக்குத் தெரியும்?

"வியாதி இல்ல" என்றாள்.

"இல்லக்கா, இருக்கு. எடை..."

"நான் தீனி போடல. ஏழு நாள். ரெண்டு வேளையும். சும்மா டிக் போட்டேன்."

சின்னவளுக்குப் புரிய ஒரு நிமிடம் ஆயிற்று. ஆமை அவள் கையில் கழுத்தை நீட்டி, காற்றில் நாலு பக்கமும் துழாவியது. "ஏன்க்கா?" என்றாள் கடைசியில். கோபம்கூட இல்லை, நிஜமாகவே தெரியாமல் கேட்டாள்.

"எனக்குப் பொறுக்கல" என்றாள் பெரியவள். "நீ வந்ததுலேர்ந்து பொறுக்கல. மாமா உன்கிட்ட சிரிக்கற சிரிப்ப என்கிட்ட ஒருநாள் சிரிச்சதில்ல. அந்த டயர் கதை... எனக்கு யாரும் சொன்னதில்ல." சொல்லி முடித்த பிறகு வெட்கமாக இருந்தது, கூடவே கொஞ்சம் லேசாகவும் இருந்தது. இனி சின்னவள் திட்டட்டும், வாங்கிக்கொள்ளலாம். மாமாவும் நாலு வார்த்தை திட்டட்டும். திட்டி முடித்துவிட்டுப் பழையபடி 'அம்மா' என்பார்.

சின்னவள் திட்டவில்லை. ஆமையை மறுபடியும் தொட்டிக்குள் விட்டாள். ஈரக் கையோடு மாமனார் பக்கம் திரும்பினாள்.

"மாமா, நீங்க இங்கயேதானே உக்காந்திருந்தீங்க? உங்களுக்குத் தெரியாதா?"

மாமனார் மடியில் கிடந்த தன் கைகளைப் பார்த்தார். "தெரியும்மா" என்றார். "அந்த டப்பாவத் தொறக்கவே இல்ல. தெனமும் பாத்துட்டுத்தான் இருந்தேன்."

"அப்புறம் ஏன் மாமா என்கிட்ட சொல்லல? தெனமும் போன்ல பேசினேனே!"

அவர் தலையைத் தூக்கிப் பெரியவளைப் பார்த்தார். குற்றம் சொல்கிற பார்வை இல்லை. முந்தின வாரம் முழுக்கப் பார்த்த அதே பார்வைதான். அன்பு என்று அவள் நினைத்துக்கொண்டிருந்தாளே, அதே பார்வை. உடனே கண்ணைத் தாழ்த்திக்கொண்டு, மணி என்ன என்று கேட்டால் சொல்வது மாதிரி, சின்னவளுக்குப் பதில் சொன்னார்.

"எனக்கும் அவதானேம்மா சோறு போடறா."

பெரியவள் கையில் அவருடைய மத்தியானத் தட்டு இருந்தது. அதை அவர் எதிரில் வைக்க வேண்டும். வைத்தால் அவர் ஒரு பருக்கை மிச்சமில்லாமல் சாப்பிட்டுவிட்டு நல்லாருக்கும்மா என்பார். தட்டு ஆறிக்கொண்டிருந்தது, அவள் நின்ற இடத்திலேயே நின்றாள்.